யூடியூப் ஓடினால் லைன் ஓகேயா?

"மிஸ், யூடியூப் ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப லைன் ஓகே மிஸ்."

போன மாதம் ஒரு இரவு பத்தரை மணிக்கு, எங்கட வீட்டுக்கு இணைய இணைப்புத் தருகிற நிறுவனத்தின் ஹொட்லைனில் நடந்த கதையின் சாரம் இவ்வளவுதான். அதுக்கு முன்னால் இருபது நிமிடம் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருந்தேன். அதுக்குப் பின்னால், "வீட்டில அண்ணா, அப்பா யாரும் இருந்தா ஃபோனைக் குடுங்கோ மிஸ், அவைக்கு விளங்கப்படுத்துறன்" என்று ஒரு வசனமும் வந்தது. எனக்கு அண்ணா இல்லை. அப்பாவுக்கு றவுட்டர் எண்டால் பச்சை லைட் எரியிற பெட்டி. அந்த வசனத்தைப் பற்றி இன்னொரு நாள் தனியாக எழுதுவேன். இன்றைக்கு என்னுடைய கோபம் யூடியூப் வசனத்தில்.

யூடியூப் ஓடினால் லைன் ஓகே. வெளியில் இருந்து வீட்டுக்குள் வீடியோ வருகுதா? ரீல்ஸ் வருகுதா? விளம்பரம் வருகுதா? அப்ப நீ குடுத்த காசுக்குச் சாமான் வந்தாச்சு, ஃபோனை வை. உன்னுடைய வீட்டுக்குள் நீ ஒன்றை நடத்தலாமா, வெளியில் இருக்கிற சிநேகிதி ஒருத்தி உன்னுடைய கதவைத் தட்டி உள்ளே வரலாமா எண்டது அவர்களுடைய கேள்விப் பட்டியலிலேயே இல்லை.

நான் கேட்டது மிகச் சின்ன விசயம். ஒரு மைன்கிராஃப்ட் சேர்வரை வீட்டில் வைத்து நடத்த வேணும். "உதுக்கா இவ்வளவு எழுப்பம்?" என்று சிரிக்கிற ஆட்கள் கொஞ்சம் பொறுங்கோ.

2020 ஊரடங்கு நேரம் நாங்கள் ஐந்து பேர், ஒரே வகுப்பு, ஏ.எல். படித்துக்கொண்டிருந்தம். பள்ளிக்கூடம் பூட்டு, ரியூசன் பூட்டு. ஒரு இலவச சேர்வரில் உலகம் ஒன்றைத் திறந்து எங்கட ஒழுங்கையைக் கட்டத் தொடங்கினம். பிள்ளையார் கோயில் கேணி, சங்கக்கடை, ரியூசன் கொட்டில், அதற்குப் பின்னால் இருந்த விளாமரம். விளாமரத்துக்கு மட்டும் மூன்று நாள் சண்டை, இலை எந்தப் பச்சை எண்டு. பிறகு பரீட்சை, பிறகு 2022 இல் எண்ணெய் இல்லை கரண்ட் இல்லை, பிறகு ஆளுக்கொரு திசை. ஒருத்தி ஸ்காபரோ. ஒருத்தி டோகாவில் வேலை. ஒருத்தி பேராதனை, ஒருத்தி வந்தாறுமூலை, நான் வீட்டில் இருந்தே கம்பஸ். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்கக்கூடியது அந்த உலகத்தில் மட்டும்தான்.

பரீட்சை நேரம் சில மாதம் ஒருத்தரும் உள்ளே போகவில்லை. இலவச சேர்வர்காரர் உலகத்தை அழித்துவிட்டார்கள். எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பித்தான் இருக்கிறார்கள், எங்களில் ஒருத்தி பாஸ்வேர்டை மறந்துபோன பழைய முகவரிக்கு. விதிமுறையிலும் அப்படி அழிப்போம் எண்டு எழுதித்தான் இருக்குது. ஆக யாரையும் பிழை சொல்ல ஏலாது. 2022 இல் எடுத்த ஒரு பிரதி பென் டிரைவில் இருந்ததால் அரைவாசி ஒழுங்கை தப்பியது. விளாமரம் தப்பவில்லை.

அதுக்குப் பிறகு நான் எடுத்த முடிவு: இனி இந்த உலகம் என்னுடைய வீட்டில், என்னுடைய பழைய மடிகணினியில் இருக்கும். எட்டு ஜீபீ ராம், நாலு விசை வேலை செய்யாது. ஐந்து பேருக்கு அது தாராளம். வாடகைச் சேர்வர் எடுக்கலாமே எண்டு கேட்பீர்கள். மாதாமாதம் டொலர், கிரெடிட் கார்ட் வேணும், கம்பஸ் பிள்ளைக்கு எந்த வங்கி கார்ட் தருது? கேமுக்கான கணக்குகளையே ஸ்காபரோக்காரிதான் வாங்கித் தந்தவள்.

முதல் இரவு. சேர்வர் ஓடுது. அதே மடிகணினியில் 'லோக்கல்ஹோஸ்ட்' எண்டு அடித்தால் உலகம் திறக்குது. தம்பியின் கணினியில் இருந்து 192.168.1.7 எண்டு அடித்தால் திறக்கேல்லை. காரணம் விண்டோஸ். வீட்டு வைஃபையை அது 'பொது வலையமைப்பு' எண்டு நினைத்து, ஜாவாவைத் தேடி வருகிற எல்லாவற்றையும் ஃபயர்வோலில் மறித்துக்கொண்டு நின்றது. 'தனிப்பட்டது' எண்டு மாற்றி, ஜாவாவுக்கு அனுமதி கொடுத்த அடுத்த நிமிடம் தம்பி உள்ளே வந்து என்னுடைய கோழிகள் எல்லாவற்றையும் கொன்றான். வெற்றி.

பிறகு றவுட்டர். 192.168.1.1 க்குப் போய், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கிற பாஸ்வேர்டை அடித்து, 'போர்ட் ஃபோர்வேர்டிங்' பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். சில றவுட்டரில் அதுக்கு 'வேர்ச்சுவல் சேர்வர்' எண்டு பெயர், தேடிக் களைப்பதற்கென்றே வைத்த பெயர். வெளியில் இருந்து 25565 க்கு வருவதை 192.168.1.7 இன் 25565 க்கு அனுப்பு. ரீசீபீ. கைபேசியில் விளையாடுகிற பெட்றொக் பதிப்பெண்டால் 19132, அது யூடீபீ. இரண்டையும் மாறிப் போட்டுவிட்டு விடிய விடிய முழிப்பதும் நடக்கிறதுதான்.

அடுத்தநாள் பின்னேரம் கரண்ட் போய் வந்தது. றவுட்டர் எழும்பி மடிகணினிக்கு 192.168.1.4 எண்டு புது எண்ணைக் குடுத்துவிட்டது. என்னுடைய விதி இன்னும் 7 ஐக் காட்டிக்கொண்டிருந்தது. 7 இப்ப தம்பியின் போன். கரண்ட் போய்வருகிற எங்கட நாட்டில் இந்தப் படியைத் தவற விட்டால் ஒவ்வொரு தடவையும் இதே கூத்துத்தான். றவுட்டரின் டீஎச்சீபீ பக்கத்தில் மடிகணினிக்கு ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கி வைக்க வேணும். ஒதுக்கினேன்.

வெளியில் இருந்து திறக்குதா எண்டு பார்ப்பதிலும் ஒரு பொறி இருக்குது. வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே எங்கட வெளி முகவரியை அடித்துப் பார்க்கக்கூடாது. உள்ளே இருந்து வெளியே போய் அப்படியே திரும்பி உள்ளே வருகிற அந்தக் கொண்டை ஊசி வளைவு பல றவுட்டருக்குத் தெரியாது; எல்லாம் சரியாக இருந்தாலும் 'முடியாது' எண்டுதான் காட்டும். போனில் வைஃபையை நிறுத்தி டேட்டாவில் சோதிக்க வேணும். சேர்வர் ஓடிக்கொண்டிருக்கவும் வேணும். ஓடாத சேர்வருக்குப் போர்ட் எப்பவும் பூட்டுத்தான்.

எல்லாம் செய்தேன். பூட்டு. றவுட்டரை ஊசியால் குத்தி முதலில் இருந்து அமைத்தேன். பூட்டு. மூன்றாம் இரவு ஃபயர்வோலை முழுக்க நிறுத்தினேன் (செய்யாதேங்கோ). பூட்டு. நான் பார்த்த யூடியூப் விளக்க வீடியோக்கள் எல்லாம் கடைசியில் ஒரே மாதிரித்தான் முடியும்: இன்னும் வேலை செய்யவில்லையா, எங்கேயோ ஒரு படியைத் தவற விட்டிருக்கிறீர்கள், முதலில் இருந்து செய்யுங்கள். நான் முதலில் இருந்து செய்தேன். பொறியியல் படிக்கிற மச்சான் ஒருவன், "ஆர்ட்ஸ் பெட்டைக்கு உதெல்லாம் ஏன், தா நான் பார்க்கிறன்" எண்டு வந்து அதே படிகளை அதே ஒழுங்கில் செய்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். பூட்டு.

நாலாம் நாள்தான் றவுட்டரின் 'ஸ்டேட்டஸ்' பக்கத்தை வடிவாகப் பார்த்தேன். அங்கே, வெளிப்பக்க முகவரி எண்டு இருந்த இடத்தில் 100.72 எண்டு தொடங்கும் ஒரு எண். என்னுடைய முகவரி என்ன எண்டு சொல்லும் இணையத்தளத்தில் பார்த்தால் வேறொரு எண். இரண்டும் ஒன்றாக இருக்க வேணும். இல்லை. கதை அங்கேயே முடிஞ்சுது. நான் செய்த எந்தப் படியும் பிழையில்லை. அந்த லைனில் அதைச் செய்யவே ஏலாது.

ஏன் எண்டு கலைப்பீடத்துப் பாசையில் சொல்லுறன். உங்கட றவுட்டர் ஒரு விடுதி வோர்டன் மாதிரி. விடுதிக்கு வெளியில் ஒரே முகவரி, உள்ளே நாற்பது அறை. நீங்கள் வெளியே கடிதம் போட்டால் வோர்டன் குறித்து வைப்பார், பதில் வந்தால் உங்கட அறைக்குத் தருவார். யூடியூப் ஓடுவது இப்படித்தான். முதல் கடிதம் எப்பவும் நீங்கள் போடுவது. முன்பின் தெரியாத ஒருவர் விடுதி முகவரிக்கு நேரே கடிதம் போட்டால் வோர்டன் யாருக்கெண்டு தெரியாமல் எறிந்துவிடுவார். போர்ட் ஃபோர்வேர்டிங் எண்டால் வோர்டனிடம் முன்கூட்டியே போய், "25565 எண்டு எழுதி வந்தால் 7ஆம் அறைக்கு" எண்டு சொல்லி வைப்பது. இதுக்குப் பெயர் நாட். இந்த வோர்டன் எங்கட வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் வரை பிரச்சினை இல்லை. இப்ப நிறுவனங்கள் செய்வது என்னவெண்டால், எத்தனையோ விடுதிகளுக்கு மேலே இன்னொரு பெரிய வோர்டனை வைப்பது. வெளி உலகத்துக்குத் தெரியும் முகவரி அவருடையது. அவரிடம் போய்ச் சொல்லி வைக்க எங்களுக்கு வழி இல்லை, பக்கம் இல்லை, பாஸ்வேர்ட் இல்லை. இதுக்குப் பெயர் சீஜீநாட். இந்த வேலைக்கெண்டே 2012 இல் ஒதுக்கி வைத்த எண் வரிசைதான் 100.64 இல் இருந்து 100.127 வரை. என்னுடைய 100.72 அதுக்குள் வடிவாகக் குந்திக்கொண்டிருந்தது. சில நிறுவனங்கள் 10 இல் தொடங்கும் எண்களையும் இதுக்குப் பாவிக்கும்.

நிறுவனத்துக்காரர் சொல்லக்கூடிய நியாயமும் எனக்குத் தெரியும். பழைய முறையில், ஐபிவி4 இல், உலகம் முழுவதற்கும் இருக்கிறது சுமார் 430 கோடி முகவரி மட்டும்தான். 2011 பெப்ரவரியில் உலகக் களஞ்சியம் முடிஞ்சுது. அதே வருடம் ஏப்ரலில் எங்கட ஆசிய பசிபிக் பகுதியின் கையிருப்பும் கடைசித் துண்டுக்கு வந்தது. அதுக்குப் பிறகு அளந்து அளந்துதான் தருகினம். உண்மை. ஆனால் பந்திக்கு முந்தினவை என்ன செய்தவை எண்டும் பாருங்கோ. அமெரிக்காவில் எம்.ஐ.ரி. எண்ட ஒரே ஒரு பல்கலைக்கழகத்திடம் 1 கோடியே 67 இலட்சம் முகவரி இருந்தது. 2017 இல் அவர்களே அதில் குறைந்தது 80 இலட்சம் தேவைக்கு மிஞ்சினது எண்டு சொல்லி விற்க வெளிக்கிட்டார்கள். இலங்கையின் மொத்த மக்கள்தொகையே இரண்டே கால் கோடிக்குள்தான். பிந்தி வந்த நாடுகளுக்கு முகவரி காணாது எண்டது வானத்தில் இருந்து விழுந்த விதியல்ல. யார் முந்தி வந்து எவ்வளவை அள்ளினது எண்ட பழைய கதைதான். எங்கட விரிவுரைகளில் நிலத்தைப் பற்றியும் தேயிலையைப் பற்றியும் மூன்று வருடமாகப் படித்த அதே கதை, எண்களில்.

அதோடு, மாற்று இல்லாமலும் இல்லை. ஐபிவி6 எண்ட புது முறை 1990களிலேயே எழுதி முடிந்தது. அதில் வீட்டில் இருக்கிற ஒவ்வொரு போனுக்கும் பல்புக்கும் தனி முகவரி குடுத்தாலும் தீராது. நாட் எண்டது 1994 இல் குறுங்காலத் தீர்வாக வந்த சாமான். முப்பது வருடத்துக்கு மேலாச்சு. எங்கட லைனில் ஐபிவி6 வரத்தான் செய்யுது, ஆனால் நிறுவனம் தந்த பெட்டியில் அதுக்கு உள்வரும் வழியைத் திறக்கிற பக்கத்தையே காணேல்லை. ஹொட்லைனில் கேட்டேன். "அது என்ன மிஸ்?"

"போர்ட் திறக்கிறது ஆபத்து, நிறுவனம் உங்களைப் பாதுகாக்குது" எண்டு சொல்லுற ஆட்களும் இருக்கினம். பாதி சரி. 2021 டிசெம்பரில் லொக்4ஜே எண்ட ஓட்டை வெளியில் வந்தபோது முதலில் அடிவாங்கினதில் மைன்கிராஃப்ட் சேர்வர்களும் இருந்தன. கேமுக்குள் கதைக்கிற பெட்டியில் ஒரு வரி எழுதியே சேர்வர் ஓடுற கணினியைப் பிடிக்கக்கூடியதாக இருந்தது. ஆகவே சேர்வரைப் புதுப்பித்து வைக்க வேணும், யார் யார் வரலாம் எண்டு பெயர்ப்பட்டியல் போட வேணும், ஒரே ஒரு போர்ட்டை மட்டும் திறக்க வேணும். கிராக் கணக்குகளுக்காகக் கணக்குச் சரிபார்ப்பை நிறுத்தி வைத்தால் உங்கட பெயரை அடித்துக்கொண்டு எவரும் உள்ளே வரலாம், பெயர்ப்பட்டியலால் பிரயோசனம் இல்லை. இதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆனால் கள்ளன் வருவான் எண்டதுக்காக வீட்டுக்காரருக்கே சொல்லாமல் வாசலைச் சுவராக்கிவிட்டுப் போனால் அதுக்குப் பெயர் பாதுகாப்போ?

'கேம் தானே' எண்டவைக்கும் ஒன்று. யாருடைய கணினியில் சேர்வர் ஓடுது எண்ட கேள்வி கேம்காரருக்குப் புதுசில்லை. 90களின் கடைசியில் குவேக், கவுன்டர் ஸ்ட்ரைக் எல்லாம் விளையாடினவை தங்கட சேர்வரைத் தாங்களே நடத்தினவை. 2009 இல் கோல் ஒஃப் டியூட்டி மொடர்ன் வோர்ஃபெயார் 2, கணினிப் பதிப்பில் அந்த வசதியை எடுத்தபோது ஆட்கள் மனு எழுதிச் சண்டை பிடித்தவை. 2024 மார்ச் 31 இல் யூபிசொஃப்ட் தி குரூ எண்ட கேமின் சேர்வர்களை மூடியது. காசு குடுத்து வாங்கினவை தனியாகக்கூட விளையாட ஏலாமல் போச்சு. 'ஸ்டொப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் அதில் இருந்துதான் பிறந்தது. 2025 இல் ஐரோப்பாவில் பத்து இலட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. அந்தக் கோரிக்கையின் ஒரு பக்கம், நீங்கள் மூடிவிட்டுப் போகும்போது நாங்களே நடத்திக்கொள்ள விடுங்கோ எண்டது. நல்லது, நானும் ஆதரவு. ஆனால் நாளைக்கு அவர்கள் சேர்வர் மென்பொருளைத் தூக்கிக் கையில் தந்தாலும் நான் அதை எங்கே ஓட்டுறது? 100.72 இலா?

இப்போதைக்கு நாங்கள் ஒரு சுரங்க மென்பொருளால் சமாளிக்கிறம். எல்லாரும் அதைத் தங்கட கணினியில் போட்டால் ஒரே வீட்டு வைஃபையில் இருக்கிற மாதிரி ஒருவரையொருவர் காணலாம். வேலை செய்யுது, மற்றவைக்கும் சொல்லுவேன். ஆனால் ஒருநாள் பாதையைத் தட்டிப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் இருக்கிற என்னுடைய மடிகணினியில் இருந்து பேராதனையில் இருக்கிறவளுக்குப் போகும் ஒவ்வொரு துண்டும் சிங்கப்பூருக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. இரண்டு பேருமே பெரிய வோர்டன்களுக்குக் கீழே இருப்பதால் நேரே சந்திக்க ஏலாமல் மூன்றாவது ஆளின் வீட்டில் சந்திப்பு. அந்த மூன்றாவது ஆள் இன்றைக்கு இலவசம். இலவச சேர்வர்காரரும் அப்படித்தான் இருந்தார்கள். டோகாக்காரி வேலை செய்யிற இடத்து மடிகணினியில் வெளி மென்பொருள் ஒன்றும் போட விடமாட்டினமாம். அவளிடம் வேற கணினி இல்லை. ஒழுங்கையைத் திரும்பத் திறந்ததில் இருந்து அவள் ஒருநாளும் உள்ளே வரேல்லை. நேரே ஒரு முகவரி இருந்திருந்தால், அதில் ஏற்கெனவே இருக்கிற கேமைத் திறந்து எண்ணை அடித்தால் போதும்.

என்ன கேட்கிறேன்? எல்லாருக்கும் தனிப் பொது முகவரி தாங்கோ எண்டு கேட்கேல்லை. முதலில், விற்கும்போது சொல்லுங்கோ. நான் பார்த்த எந்தப் பக்கேஜ் விளம்பரத்திலும் எத்தனை ஜீபீ, எவ்வளவு வேகம், இரவு எத்தனை மணியில் இருந்து இலவச டேட்டா எண்டெல்லாம் பெரிய எழுத்தில் இருக்குது. இந்த லைனில் உள்ளே வர வழி இருக்கா எண்டு ஒரு சின்ன எழுத்திலும் இல்லை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நினைத்தால் அந்த ஒரு வரியைக் கட்டாயமாக்கலாம், அதுக்கு ஒரு கேபிளும் புதிதாக இழுக்கத் தேவையில்லை. பொது முகவரி வேணும் எண்டவைக்கு நியாயமான ஒரு மாதக் காசுக்குத் தாங்கோ, என்னிடம் சொன்ன பதில், "அது பிஸ்னஸ் கஸ்டமருக்கு மட்டும் மிஸ்." பிஸ்னஸ் செய்யிறவனுக்கு வாசல் இருக்கலாம், கம்பஸ் பிள்ளைக்கு யன்னல் போதும். ஐபிவி6 ஐத் தருகிற நீங்கள், அதைத் திறக்கிற பக்கத்தையும் பெட்டியில் தாங்கோ. இதில் எதுவும் ராக்கெட் விடுகிற வேலையில்லை.

விளக்க வீடியோ போடுகிற அண்ணாமாருக்கும் ஒன்று: தயவுசெய்து முதல் நிமிடத்திலேயே இரண்டு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ. மூன்று இரவு நித்திரையை விட்டு, நான் ஒரு மொக்கு எண்டு நம்பிக்கொண்டிருந்தேன். நீங்கள் அந்த ஒரு படியை முன்னுக்கு வைத்திருந்தால் முதல் இரவே ஹொட்லைனுக்கு எடுத்துச் சண்டை பிடித்திருப்பேன்.

இதை வாசிக்கிற நீங்களும் ஒருக்கா உங்கட றவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தைப் பாருங்கோ. வெளிப்பக்க முகவரி 10 இல் தொடங்கினாலோ, 100.64 க்கும் 100.127 க்கும் இடையில் இருந்தாலோ எங்களுக்கு எழுதுங்கோ. எந்த ஊர், பைபரா 4ஜீயா, மாதம் எவ்வளவு கட்டுறீங்கள், வாங்கும்போது இதைப் பற்றி யாராவது ஒரு சொல் சொன்னவையா, அவ்வளவும் போதும். முழு முகவரியை எழுதாதேங்கோ, முதல் இரண்டு எண் காணும். ஐம்பது பேர் சேர்ந்தால் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதலாம் எண்டு இருக்கிறம். வரைவு நான் எழுதுறன்.